நின்ற இயந்திரத்தில் வளர்ந்த விரிசல்

பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ‘அரைமில்லி’ என்று பெயர். முகத்துக்கு நேரே எல்லாரும் ‘அக்கா’ என்பார்கள். தலை மறைந்ததும் அரைமில்லி. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு அளவு நாற்பத்தேழு மில்லிமீட்டரா நாற்பத்தேழரையா என்று பிரிவுத் தலைவரோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கு நின்று, கடைசியில் நாற்பத்தேழரை என்று அவரை ஒப்புக்கொள்ள வைத்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. “கால்மில்லின்னு வைக்காம விட்டாங்களே” என்று வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அவள் வேலை விரிசல் பார்ப்பது.

இரண்டு அலுமினியப் பட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு ஸ்கேல் நீளம். இரண்டையும் பசை தடவி ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியிருப்பார்கள். ஒரு முனையில் மட்டும் பசையில்லாமல் வாய் விட்டிருக்கும். அந்த வாயை இயந்திரம் பிடித்து இழுக்கும், விடும். நொடிக்கு ஐந்து தடவை, சனி மத்தியானம் நிறுத்தும் வரை ராப்பகலாக. நல்ல பசை லேசில் மசியாது. ஆனால் லட்சக்கணக்கில் இழுத்தால் அதற்கும் அலுத்துப்போகும். வாயோரத்தில் ஒரு விரிசல் பிறந்து, பசைக்குள்ளேயே மெல்ல மெல்ல உள்ளே நடக்கத் தொடங்கும். அது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்த்து எழுதுவதுதான் அவள் உத்தியோகம். பட்டையின் பக்கவாட்டில் வொயிட்னர் பூசி, காய்ந்ததும் கூர்ப்பென்சிலால் மில்லிமீட்டருக்கு ஒரு கோடு போடுவாள். ஒரு சட்டத்தின்மேல் பக்கவாட்டில் நகரும் மைக்ராஸ்கோப்பைத் திருகித் திருகி, விரிசலின் நுனி எங்கே நிற்கிறது என்று மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை கணக்காகப் படித்து நோட்டில் குறிப்பாள். கால் மணிக்கு ஒரு தடவை. பகல் முழுக்க. பத்தொன்பது வருஷமாக.

கேட்பவர்களுக்குக் கொட்டாவி வரும். அவளுக்கு வந்ததில்லை. கண்ணை லென்ஸில் வைத்த மறுகணம் அறை காணாமல் போய்விடும். வொயிட்னர் பூச்சு காய்ந்த உப்புத் தரைபோல் எல்லையில்லாமல் விரியும். பென்சில் கோடுகள் அதில் கரித்தூளைக் கொட்டிக் கட்டிய வரப்புகள். அந்த வரப்புகளைத் தாண்டித் தாண்டி ஒரு கறுப்பு வழி போகும். யாரோ அந்த வழியே நடந்து போயிருக்கிறார்கள், இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் முதுகு தெரியும் என்று தோன்றும். மணி அடிக்கும்போது வெளியே வருவாள். பக்கத்தில் டீ ஆடை கட்டிப்போயிருக்கும்.

இந்த மயக்கம் அறையோடு நிற்கவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய் இறங்குவாள். ஒருமுறை குடையை மடக்கிக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டு, தயிர்ப் பாத்திரத்தைக் கதவுக்குப் பின்னால் மாட்டப் பார்த்தாள். வீட்டில் தொலைபேசி அடித்தபோது எடுத்து “அறுபத்திரண்டு புள்ளி நாலு” என்றிருக்கிறாள். மறுமுனையில் இருந்த நாத்தனார், “அண்ணி, எடையா? இத்தனை நாள் அம்பத்தெட்டுன்னு சொன்னீங்களே?” என்று கேட்டதை அவள் கணவர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். அவர் லிஃப்ட் மெக்கானிக். அவர்களுக்குக் கல்லூரி போகும் ஒரு மகள்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் படங்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். கன்னத்துப் பருவை எடுப்பது, மூடிய கண்ணைத் திறந்துவைப்பது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபின், ‘கூர்ந்து பார்க்கும் பொறுமை உள்ளவர் தேவை’ என்ற விளம்பரத்தைப் பார்த்துப் போனாள். பொறியியலும் தெரியாது, பசையும் தெரியாது. பார்க்கத் தெரியும், அவ்வளவுதான்.

மாடியில் ஒரு பொறியாளர் இருந்தார். கிட்டத்தட்ட அவள் வயதுதான். அவருக்கும் விரிசல்தான் வேலை, ஆனால் அவருடைய விரிசல்கள் கணினிக்குள் ஓடின. திரையில் ஒட்டுப் பட்டையைச் சின்னச் சின்னக் கட்டங்களாக அறுத்து வைத்திருப்பார். விரிசலின் நுனிக்குக் கிட்டே போகப் போகக் கட்டங்கள் பொடிந்து கொசுவலைபோல் ஆகிவிடும். அதனால் அவருக்கு ‘வலைக்காரர்’ என்று பெயர். டீ வாங்கும் இடத்தில் யாராவது ஒருவர், “என்ன சார், இன்னைக்கு மீன் மாட்டுச்சா?” என்று கேட்காத நாளில்லை. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். “பொடிமீன்தான்” என்பார்.

ரயில் பெட்டி செய்யும் ஒரு கம்பெனி அந்தக் கூடத்திடம் ஒரு வேலை கொடுத்திருந்தது. பெட்டியின் உட்சுவரையும் கூரையையும் தாங்கும் சட்டங்களை ஆணி அடிக்காமல் பசையாலேயே ஒட்டப்போகிறார்கள். எத்தனை தூரம் ஓடிய பிறகு தகட்டைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவேண்டும். அதற்குத்தான் வலைக்காரர் ஒரு மாதிரிக் கணக்கு கட்டினார். எவ்வளவு பலமாக இழுக்கிறோம், எத்தனை தடவை இழுக்கிறோம் என்று சொன்னால், விரிசல் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று அது சொல்லும். கணக்கின் பதில் ஒரு கோடு. அரைமில்லி நோட்டில் எழுதுவது புள்ளிகள். கோடு புள்ளிகள் வழியே போனால் கணக்கு சரி.

போகவில்லை. செவ்வாயிலிருந்து சனி வரை புள்ளிகள் கோட்டின்மேல் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். திங்கட்கிழமை வந்ததும் ஒரு எட்டு மேலே குதிக்கும். அப்புறம் மறுபடி சமர்த்து. ஆறு வாரம், ஆறு குதிப்பு.

வலைக்காரர் கீழே இறங்கி வந்து கதவருகே நின்றார்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. சனிக்கிழமை மத்தியானம் மிஷினை நிறுத்தினப்புறம் யாராவது வந்து மைக்ராஸ்கோப்பைத் தொடுறாங்களா?”

“என்னைத் தவிர அதை யாரும் தொடமாட்டாங்க சார்.”

“இல்ல... ஞாயித்துக்கிழமை லீவு முடிஞ்சு வர்றோம். திங்கக்கிழமை காலையில கண்ணு கொஞ்சம் சொருகும். எனக்கே சொருகுது.”

“உங்க வலையில ஓட்டை இருக்கான்னு பாத்தீங்களா சார்?”

“ரெண்டு தரம் பாத்துட்டேன்” என்றார் அவர் பாவமாக.

அந்த வாரக் கூட்டத்தில் பிரிவுத் தலைவர் சுற்றி வளைக்கவில்லை. “அக்கா மேல யாருக்கும் குறையில்ல. ஆனா கம்பெனிக்காரங்க கேட்டா நாம என்ன பதில் சொல்றது? விரிசலைப் படிக்க ஒரு காமிரா மாட்டிடலாம். எல்லாருக்கும் நிம்மதி.” யாரோ ஒருவர், “குளிர்பெட்டியில குடை இருக்கான்னும் அது பாத்துச் சொல்லுமா?” என்று கேட்க, மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு அறைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, கைகளை மடியில் வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அவர்கள் சந்தேகப்பட்டது கூட அவளைச் சுடவில்லை. அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. குடையைக் குளிர்பெட்டியில் வைத்த கைதானே நோட்டிலும் எழுதுகிறது? பார்ப்பது ஒன்று, எழுதுவது இன்னொன்று என்று ஆகிவிட்டதோ? இத்தனை வருஷத்து நோட்டுகள் அலமாரியில் அடுக்கியிருந்தன. அவற்றைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டுக் கண் டாக்டரிடம் போனாள். டாக்டர் எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை படிக்கச் சொன்னார். படித்தாள். அதற்கும் கீழே, பலகையின் ஓரத்தில், அதை அச்சடித்த அச்சகத்தின் விலாசம் கடுகுபோல் இருந்தது. அதையும் படித்தாள். டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துபோய் மூக்கைப் பலகையில் ஒட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“பன்னெண்டு வருஷமா இந்தப் பலகை இங்க தொங்குது. அப்படி ஒண்ணு எழுதியிருக்குன்னே எனக்குத் தெரியாதும்மா. நீங்க கிளம்பலாம்.”

கண் பழுதில்லை என்றால் வேறென்ன? இதுவரை திங்கட்கிழமைகளில் இயந்திரத்தை ஓடவிட்டு, கால் மணி கழித்துத்தான் முதல் அளவு எடுப்பது வழக்கம். அந்த வாரம் அவள் சனிக்கிழமை இயந்திரம் நின்றதும் ஒருமுறை அளந்தாள். எண்பத்துமூன்று புள்ளி ஒன்று இரண்டு. திங்கட்கிழமை எல்லாருக்கும் முன்னால் வந்து, சுவிட்சைத் தொடாமல் மறுபடி அளந்தாள். எண்பத்துமூன்று புள்ளி ஏழு நாலு. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் இரண்டு தடவை அளந்தாள். அதேதான். விரிசல் அரை மில்லிக்கு மேலே நடந்திருந்தது, யாரும் இல்லாத அறையில், ஓடாத இயந்திரத்தில்.

நோட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். வலைக்காரர் பார்த்தார்.

“நின்ன மிஷின்ல விரிசல் எப்படிக்கா நடக்கும்? என் கணக்குல இழுப்பு பூஜ்யம்னா வளர்ச்சியும் பூஜ்யம்.”

“உங்க கணக்கு அதுக்குத் தெரியாதுல்ல சார்” என்றாள் அவள். அவர் சிரிக்கவில்லை, நம்பவும் இல்லை.

அன்று மாலை கணவர் கைக் கிரீஸைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

“மிஷின் எந்த நிலையில நிக்குது?” என்றார் அவர்.

“நடுவுல. பாதி இழுத்த மாதிரி.”

“அப்ப மோட்டார்தானே நின்னுச்சு? பாரம் எங்க நின்னுச்சு? லிஃப்டை ஏழாவது மாடியில நிறுத்திட்டு நாங்க டீ குடிக்கப் போறோம்னு வெச்சுக்க. மோட்டார் சும்மா இருக்கு. கயிறு சும்மா இருக்கா? அத்தனை பெரிய பெட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அது பாட்டுக்கு நிக்குது.”

“அப்பாவுக்கு எதுக்கெடுத்தாலும் லிஃப்ட்” என்றாள் உள்ளேயிருந்து மகள்.

அரைமில்லி குழாயை மூடாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கணவர்தான் கையை நீட்டி மூடினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரிவுத் தலைவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு காலை எட்டு மணிக்குக் கூடத்துக்குப் போனாள். காவலாளி கதவைத் திறந்துவிட்டுப் போய்விட்டார். இத்தனை வருஷத்தில் இரைச்சல் இல்லாத அந்த அறையில் அவள் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததில்லை. இயந்திரம் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் மிருகம்போல் நின்றது. எங்கோ வெளிச்சுவரில் புறாக்கள் முனகின. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு லென்ஸில் கண்ணை வைத்தாள். எண்பத்தொன்பது புள்ளி மூன்று பூஜ்யம்.

இயந்திரம் ஓடும்போது விரிசலின் நுனி துடித்துக்கொண்டே இருக்கும்; நிறுத்திப் படித்துவிட்டு உடனே ஓடவிடுவார்கள். அது அசையாமல் நிற்கும்போது இவ்வளவு நேரம் உற்றுப் பார்க்க அவளுக்கு வாய்த்ததில்லை. பார்க்கப் பார்க்க நுனி ஒரு கோடாக இல்லை. பசை அங்கே நூல்நூலாகப் பிரிந்து, மேல் பட்டைக்கும் கீழ்ப் பட்டைக்கும் நடுவே நின்றது. தறியில் பாவு கட்டியதுபோல் வரிசையாக, வெள்ளை வெள்ளையாக. ஒரு நூல் மெலிந்துகொண்டே வந்தது. மெலிகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை; முன்பு இருந்ததைவிட மெலிந்திருந்தது என்பது மட்டும் தெரிந்தது. பிறகு அது அங்கே இல்லை. சத்தமில்லை, அதிர்வில்லை. அடுத்த நூல் அதன் பாரத்தை வாங்கிக்கொண்டு நின்றது.

அதற்குப் பிறகு மணி எப்படிப் போனது என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஜன்னல் வெளிச்சம் தரையில் மேசைக்காலைத் தொட்டது, பிறகு ஏறி அவள் முழங்காலைத் தொட்டது. அவள் அந்த வெள்ளைத் தரையில் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தாள். காற்றில்லை. தூரத்தில் நூல்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்துகொண்டிருந்தன. அவிழ்ந்த இடத்தில் கறுப்பு வழி ஒரு விரற்கடை நீண்டிருந்தது. எங்கும் போய்ச் சேரவேண்டிய அவசரம் அந்த வழிக்கு இல்லை. அவளுக்கும் இல்லை. அம்மா தலைவாரிவிடும்போது வரும் அரைத்தூக்கம் போன்ற ஒரு சுகம்.

“ஏம்மா, உயிரோட இருக்கியா?”

கணவர் சாப்பாட்டு டப்பாவோடு நின்றுகொண்டிருந்தார். ஒரு மணி ஆகியிருந்தது. திடுக்கிட்டு நோட்டைப் பார்த்தாள். தூங்கிவிட்டோம், எல்லாம் போயிற்று என்று நினைத்தாள். ஆனால் நோட்டில் அரை மணிக்கு ஒன்றாக, வரி தவறாமல், அவளுடைய குண்டுக் கையெழுத்தில் எண்கள் இறங்கியிருந்தன. எழுதியது அவளுக்குப் பாதிதான் நினைவிருந்தது.

சட்டென்று நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். “நீங்க உக்காருங்க. நுனி எங்க நிக்குதுன்னு படிச்சுச் சொல்லுங்க.”

“எனக்கு இதெல்லாம்...”

“லிஃப்ட்ல எழுதியிருக்கிற எண்ணைப் படிக்கிறீங்கல்ல? அதே மாதிரிதான்.”

எப்படித் திருகுவது, எங்கே படிப்பது என்று காட்டிக்கொடுத்தாள். அவர் ஒரு கண்ணை மூடி, நாக்கைக் கடித்துக்கொண்டு, திருகித் திருகிப் படித்தார். “எண்பத்தொம்பது... புள்ளி மூணு... ஏழு.”

நோட்டைத் திறந்தாள். கடைசி வரியில் எண்பத்தொன்பது புள்ளி மூன்று ஏழு என்று இருந்தது. அவள் அந்த எண்ணைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள். இத்தனை நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது.

“என்ன, சரியா?”

“சரி” என்றாள். 

“ஆனா ஒண்ணுமே நகரலையேம்மா.”

“நகருது. நடுவுல ஒரு நூல் மெலிசா தெரியுதா? அதையே பாருங்க. அவசரப்படாதீங்க.”

அவர் பார்த்தார். இருபது நிமிஷம், சாப்பாடு ஆறிக்கொண்டிருக்க, லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு தூங்கும் குழந்தை பக்கத்தில் இருப்பதுபோல் கிசுகிசுத்தார்: “ஏய்... அறுந்துடுச்சு!”

மாலை ஐந்து மணிக்கு எண்பத்தொன்பது புள்ளி நாலு இரண்டு. ஒன்பது மணி நேரத்தில் ஒரு மில்லியில் எட்டில் ஒரு பங்கு.

திங்கட்கிழமை வலைக்காரர் அந்தப் பக்கத்தை நின்றபடி படித்தார், பிறகு உட்கார்ந்து படித்தார்.

“இந்த நூல்னு எழுதியிருக்கீங்களே, அது எவ்வளவு நேரம் தாங்குது?”

“ஒண்ணு இருபது நிமிஷம். ஒண்ணு ரெண்டு மணி. எல்லாம் ஒரே மாதிரி இல்ல சார்.”

“நான் வந்து பாக்கலாமா?”

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் இயந்திரம் நின்றதும் அவர் கீழே வந்தார். பதினோரு வருஷமாக விரிசலை வளர்த்தவர், ஒரு விரிசலையும் லென்ஸ் வழியே பார்த்ததில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். அவள் அவருக்கு நாற்காலியை விட்டுவிட்டு, ஜன்னலோரம் நின்று ஆறிய டீயைக் குடித்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று.

“நான் இதைக் கத்தி வெட்டின மாதிரின்னே நெனச்சுட்டேன்க்கா” என்றார் கடைசியில், தலையைத் தூக்காமலே. “வீட்டுக்குக் கிளம்பணும். கிளம்ப மனசு வரலை.”

“பழகிடுங்க. இறங்குற ஸ்டாப்பை மட்டும் விட்டுடாதீங்க.”

ஒரு வாரம் நிறுத்தும்போது வாயை முழுக்க மூடி, பாரமே இல்லாமல் வைத்துப் பார்த்தார்கள். திங்கட்கிழமை விரிசல் வைத்த இடத்தில் இருந்தது. அடுத்த வாரம் பழையபடி பாதி இழுத்து நிறுத்தினார்கள். மறுபடி நடந்திருந்தது. இனிமேல் சந்தேகமில்லை. வலைக்காரர் தன் கணக்கைப் பிரித்துப் போட்டார். இழுப்பை எண்ணுவதோடு நேரத்தையும் எண்ணினார். ஒவ்வொரு நூலும் எவ்வளவு பாரத்தை எவ்வளவு நேரம் தாங்கும் என்று, அவள் சனி ஞாயிறுகளில் எடுத்த அளவுகளை வைத்து எழுதினார். நாலு மாதம் பிடித்தது. முடிவில் கோடு திங்கட்கிழமைகளில் தானே ஒரு எட்டு ஏறி, புள்ளிகள் வழியே போயிற்று.

அதைக் கூட்டத்தில் காட்டும்போது அவர் சொன்னார்: “திங்கக்கிழமை தூங்கினது அக்கா இல்ல. என் கணக்குதான் சனி ஞாயிறு தூங்கிட்டு இருந்துச்சு.” குடையைப் பற்றி யாரும் பேசவில்லை. காமிராவுக்கு முன்பே சொல்லிவிட்டதால் அது வந்துசேர்ந்தது. நன்றாகவே வேலை செய்தது. அவள் அதை ஞாயிற்றுக்கிழமைக்கு என்று வைத்துக்கொண்டாள். வீட்டில் துணி துவைக்க வேண்டுமே.

கம்பெனிக்காரர்களுக்கு இந்தச் சேதி இனிக்கவில்லை. ஓடிய தூரத்தை மட்டும் பார்த்தால் போதும் என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். ஓடாமல் நிற்கிற பெட்டியையும் திறந்து பார் என்றால் யாருக்குப் பிடிக்கும்? கடைசியில், சோதனைக்காக முதன்முதலாக அதே பசை போட்டுச் செய்து, ஏதோ வழக்கில் சிக்கி மூன்று வருஷமாகப் பணிமனையின் கடைசித் தண்டவாளத்தில் நிற்கும் ஒரு பெட்டியைக் காட்டினார்கள். கூரையில் கனத்த ஏசி இயந்திரம் ஒன்று அதன் சட்டங்களைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. ஓடியதோ வெறும் முந்நூறு கிலோமீட்டர். பழைய கணக்குப்படி விரிசல் இருக்கவே கூடாது. புதுக் கணக்கு நாற்பத்தாறு மில்லிமீட்டர் என்றது.

தகட்டைக் கழற்றினார்கள். அரைமில்லி ஏணியில் ஏறி, கைலென்ஸை வைத்துப் பார்த்தாள். கீழே எல்லாரும் அண்ணாந்து நின்றார்கள்.

“அம்பத்திரண்டு.”

கம்பெனிப் பொறியாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வலைக்காரர் முகம் மட்டும் தொங்கிப்போயிற்று. “ஆறு மில்லி கூட இருக்கேக்கா.”

“மூணு வருஷம் வெயில்ல நின்னிருக்கு சார். நம்ம ரூம்ல ஏசி ஓடுது. சூட்டைக் கணக்குல சேத்தீங்களா?”

அவர் அங்கேயே ஒரு காகிதத்தை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டார். கம்பெனிக்காரர்கள் அவரைத் தள்ளிக்கொண்டு அலுவலகத்துக்குப் பேசப் போனார்கள். கிலோமீட்டரோடு மாதத்தையும் எண்ணவேண்டும் என்று விதியை மாற்றுவதற்கு அன்று சாயங்காலம் வரை ஆயிற்று.

அவளை யாரும் பேச்சுக்குக் கூப்பிடவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. பெட்டிக்குள் ஒரு ஜன்னலோர இருக்கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். மூன்று வருஷத்துத் தூசி வெயிலில் மெதுவாக எழுந்து இறங்கியது. இருக்கைகளின் மேலுறை இன்னும் பிரிக்காமல் இருந்தது. புதுத் துணி வாசமும் பசை வாசமும் கலந்து வந்தன. கண் சொருகிற்று. பக்கத்துத் தண்டவாளத்தில் நின்ற வண்டி ஒன்று புறப்பட்டது. அதன் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் நழுவ, தன் பெட்டிதான் கிளம்பிவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. இல்லை என்று தெரியும். இருந்தாலும் கைப்பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டு, வெளியே பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.